பின் சீட்டுக்காரர்

வீட்டைக் கொளுத்திக்கொண்டவன் என்று புதுக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டில் யாராவது கைகாட்டினால் அய்யாக்கண்ணு கோபப்பட மாட்டான். சின்னதாக ஒரு திருத்தம் மட்டும் சொல்லுவான்: "கொளுத்தலைங்க, அணைச்சேன். கொஞ்சம் மாத்தி அணைச்சுட்டேன்."

அன்றைக்குக் கார்புரேட்டரைக் கழற்றி, கூரை வீட்டின் நடுவில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் பெட்ரோலில் ஊறப்போட்டிருந்தான். யோசனை ஓடவில்லை என்று ஒரு பீடி பற்றவைத்தான். கிண்ணம் குப்பென்று பிடித்துக்கொண்டது. வாசலில் இரண்டு தகரம் இருந்தன. ஒன்றில் ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர். அவன் ஓடிப்போய்த் தூக்கி வந்து ஊற்றியது மற்றதை. கால் மணி நேரத்தில் கூரையும் மூங்கிலும் அழகியின் கல்யாணப் புடவையும் புகையாகப் போய்விட, எல்லாவற்றுக்கும் நடுவில் அடுப்பு மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

ஐந்து மாதப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழகி நின்றாள். அவள் அழவில்லை.

"நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். பாப்பா தலைக்கு மேல ஒரு கூரை இருந்தாக் கூப்பிடுங்க. இல்லேன்னா கூப்பிடாதீங்க."

அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அய்யாக்கண்ணுவுக்கோ நேராகப் பேச வராது. சிரிக்க வைத்தே முப்பத்திரண்டு வயதைக் கடத்தியவன். அன்று அவள் ஆத்தா ஊரான திருவரங்குளம் போகிற வழியெல்லாம் சிரிக்க வைத்துப் பார்த்தான். ஒரு மைலுக்கு ஒரு வேடிக்கை. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தை பிறந்து கீற்று வரும்வரை கூரைக்கு வழியில்லை. மிச்சம் இருந்தது கார் ஒன்றுதான். உலகச் சண்டைக் காலத்து மாடல், கறுப்பு பிளஷர். புதுக்குளத்துக் கரையோரம் அதை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, அவன் குடித்தனம் புகுந்தான்.

புகுந்த பிறகுதான் இத்தனை காலம் வீடு என்ற ஒன்றை எதற்குச் சுமந்தோம் என்று தோன்றியது. பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொடுத்தால் காலை நீட்டிப் படுக்கலாம். மல்வேட்டியைக் கிழித்து நாலு ஜன்னலுக்கும் திரை போட்டான். சீட்டுக்கு அடியில் அரிசித் தகரம், டிக்கியில் அடுப்பு. ஓடிவந்து நிறுத்திய சூட்டில் ரேடியேட்டர் மேல் செம்பை வைத்தால் சவரத்துக்கு வெந்நீர். பாம்பு ஏறாது, தேள் ஏறாது, உள்ளே பூட்டிக்கொண்டால் ஆளும் ஏற முடியாது. மழை தகரத்தில் தாளம் போடும்போது, தேங்காய் நார் மெத்தையின் வாசனையும் லேசான பெட்ரோல் வாசனையுமாக, வயிற்றுக்குள் படுத்திருக்கும் பிள்ளை மாதிரி ஒரு நிம்மதி.

"வாசல் நாலுங்க. சூரியன் மூஞ்சியில அடிச்சா வீட்டைத் திருப்பி வச்சுக்கிறேன். எந்த அரமனையில முடியும்?" என்று ஸ்டாண்டில் பெருமை அடித்தான். அடிக்க அடிக்க அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆலங்குடி பஸ் கண்டக்டரிடம் அழகிக்குச் சொல்லி அனுப்பினான்: கூரை இருக்கிறது, தகரக் கூரை, ஒழுகாது, வந்து பார். பதில் வந்தது: "பாக்குறேன்னு சொல்லச் சொல்லிச்சு." அழகி பார்க்கிறேன் என்றால் பார்ப்பாள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி அவளையும் பாப்பாவையும் அழைத்துவர வேண்டும். பாப்பா வாசனை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்காமல் கிடந்தது. அதை மட்டும் ஸ்டாண்டில் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில்தான் திருச்சிச் சவாரி வந்தது.

ஐப்பசி அடைமழை. திருமயத்துக்குக் கிழக்கே ஒரு செட்டிநாட்டு ஊரைச் சேர்ந்த நாச்சியப்ப செட்டியார், எழுபது வயது, திருச்சி ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் போய்ச் சேரட்டும் என்று மைத்துனர் உடையப்பன் அவரைப் பின் சீட்டில் வலப் பக்கம் சாய்த்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கீரனூருக்கு முன்னால், குளத்தூர்ப் பிரிவு தாண்டும்போது, பின்னால் இருந்து வந்துகொண்டிருந்த இழுப்புச் சத்தம் நின்றது. வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்தாதே, ஓட்டு," என்றார் உடையப்பன். வெகுநேரம் கழித்து, "ஊர்ல ஐயனாருக்குக் காப்புக் கட்டியிருக்கு. வெளியில போன உசிருன்னா எல்லைக்குள்ள விட மாட்டாக. அத்தான் அவுக கட்டுன வீட்டுலதான் படுக்கணும். நீ பேசிக்கிட்டே வா."

"யாருகிட்டங்க?"

"அத்தானுகிட்ட."

டாக்ஸிக்காரர்களுக்குப் புதிய வித்தை அல்ல இது. செத்தவரை உட்காரவைத்து, கண்ணாடி மாட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எல்லையைக் கடப்பது. வீட்டுக்குள் போனபின் உயிர் பிரிந்ததாகக் கணக்கு. அய்யாக்கண்ணுவுக்கு அது முதல் தடவை. பயத்தில் அவனுக்கு வாய் இன்னும் கூடிவிட்டது. எரிந்த வீட்டைச் சொன்னான். அழகியைச் சொன்னான். வேறு விஷயம் தீர்ந்துபோனதும் காரைச் சொன்னான். "வீடு என்னங்கய்யா வீடு, ஆயிரம் ஜன்னல் இருந்தும் ஒரு ஆளு இல்லாமக் கெடக்கு. இந்தப் பின் சீட்டு மாதிரி வருமா? காத்து, வெளிச்சம், நாலு ஊரு பாக்கலாம். பேசாம எங்கூடவே இருந்துருங்க."

எல்லையில் அரிக்கேன் விளக்கோடு நாலு பேர் மறித்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "என்னங்கய்யா, சௌகரியமா இருக்கீங்களா?" என்று அய்யாக்கண்ணு திரும்பிக் கேட்டான். தார் ரோட்டுப் பள்ளத்தில் சக்கரம் இறங்கவும் செட்டியாரின் தலை ஆடியது. "சௌகரியமாம்," என்றான். விட்டுவிட்டார்கள்.

வீட்டு வாசலில் நாலு பேராக உடம்பைத் தூக்கியதும் உள்ளே அழுகை எழுந்தது. யார் கண்ணிலும் படாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் விடிகாலையில் கண் விழித்தபோது அய்யாக்கண்ணு பின் சீட்டில் இல்லை. நடுப்பலகையில் ஒருக்களித்துக் கிடந்தான். தூக்கத்தில் உருண்டிருக்கலாம். ஆனால் போர்வை கலையவில்லை. தலையணை தலைக்குக் கீழேயே இருந்தது. பக்கத்து ஆளுக்கு இடம்விட்டுத் தள்ளிப் படுப்போமே, அப்படிக் கிடந்தான். பின் சீட்டின் வலப் பக்கம், கொஞ்சம் முன்னால்தான் யாரோ எழுந்துபோனதுபோல நார்மெத்தை அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, மெல்ல மேலே எழும்பியது. வலப் பக்கத் திரை மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியே புதுக்குளத்துத் தண்ணீர், சாம்பல் நிறத்தில்.

"ஸ்பிரிங்கு போச்சு," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். அந்த சீட்டில் ஸ்பிரிங் கிடையாது.

ஸ்டாண்டுக்கு எதிரே இன்னாசியின் டீக்கடை. இன்னாசி பதினைந்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டு டீ ஆற்ற வந்தவர். வழக்கம்போல அய்யாக்கண்ணு வண்டியில் இருந்தபடியே ஒரு டீ என்று விரலைக் காட்டினான். இன்னாசி இரண்டு கிளாஸ் கொண்டுவந்தார்.

"ஒண்ணுதானே கேட்டேன் அண்ணே?"

இன்னாசி பின் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "மழ வரும் போலருக்கு," என்று சொல்லிவிட்டு, ஒரு கிளாஸைத் திருப்பி எடுத்துப் போனார்.

"அண்ணே, பின்னாடி யாரும் இருக்காகளா?"

"ஒன் சவாரி. என்னையக் கேட்டா?"

அன்றைக்கு அறந்தாங்கிக்கு ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. பின்னால் நாலு பேர், மடியில் இரண்டு பிள்ளைகள், பூக்கூடை, பலகாரத் தட்டு. எல்லாரும் இடப் பக்கமே ஒருவர்மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். வலப் பக்க ஜன்னலோரம் ஒரு ஆள் இடம் அப்படியே இருந்தது. ஒருவரும் அதில் உட்காரவில்லை. உட்காராதது ஏன் என்று ஒருவரும் பேசவில்லை. இறங்கும்போது கூட்டத்தில் மூத்தவர் காருக்குள் குனிந்து, "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அய்யாக்கண்ணுவைப் பார்த்துக் கும்பிடவில்லை.

திரும்பி வரும்போது மழை பிடித்தது. கிர்ர், கிர்ர் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அவன் அறிவான். எண்ணெய் போடாத கைப்பிடி. வலப் பக்கப் பின் கண்ணாடி ஒரு சுற்று, நின்று, இன்னொரு சுற்று என்று, கை வலிக்கிற வயதான ஆள் ஏற்றுவதுபோல ஏறி மூடிக்கொண்டது.

பின்னால் பார்க்கிற உள்கண்ணாடியை அவன் மேலே கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்தான்.

அதன்பின் ராத்திரிகளில் முன் சீட்டிலேயே சுருண்டு படுத்தான். கால் மரத்துப்போகும். திரும்பிப் பார்க்காமல் படுத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தனாதித் தைலமும் ஆஸ்பத்திரி லோஷனும் கலந்த ஒரு வாசனை பின்னாலிருந்து வந்து, முகர்ந்தால் போய்விடும்; முகராமல் இருந்தால் மறுபடி வரும். சிலசமயம் இரண்டு தரம் தொண்டையைச் செருமும் சத்தம். பேச்சை ஆரம்பிக்கப்போகிற பெரிய மனிதரின் செருமல். பேச்சு வராது. அய்யாக்கண்ணுதான் தாங்கமாட்டாமல் ஏதாவது பேசுவான். இன்றைக்கு எந்தச் சவாரி, பெட்ரோல் என்ன விலை, அழகி எப்போது வருவாள். பேசிக்கொண்டே இருந்தால் பின்னால் அமைதியாக இருந்தது.

ஆறாம் நாள் இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் கொட்டினான். இன்னாசி டீத்தூள் பையையே முறைத்துப் பார்த்தபடி கேட்டார்:

"எறக்கிவிட்டப்போ சொன்னியா?"

"என்னத்தண்ணே?"

"வீடு வந்துருச்சு, எறங்குங்கன்னு. பேசிக் கூட்டியாந்த ஆளுக்குப் பேசித்தான் எறக்கணும். ஒடம்ப நாலு பேரு தூக்கிட்டுப் போனாப் போதுமா?"

அய்யாக்கண்ணு சொல்லவில்லை. வழியெல்லாம் தொணதொணத்தவன், சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான்.

வியாழக்கிழமை பகல், நல்ல வெயில். மறுநாள் அழகியை அழைக்கப் போக வேண்டும். அதற்குள் இறக்கிவிடுவது என்று வண்டியை எடுத்துக்கொண்டு செட்டியார் ஊருக்குப் போனான். தெரு ஒரு பர்லாங்கு நீளம். இருபுறமும் பெரிய பெரிய வீடுகள், நடமாட்டம் இல்லை. செட்டியார் வீட்டு இரும்புக் கேட்டில் முழங்கை அளவு பூட்டு. காரியம் முடிந்ததும் உடையப்பன் குடும்பத்தோடு மதராசுக்கு ரயிலேறிவிட்டாராம். சொன்னது தெருக் கோடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி. இனிமேல் எப்போது திறப்பார்கள்? "யாருக்குத் தெரியும்," என்றாள்.

அவன் வலப் பக்கப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் சீட்டில் விழுந்தது. அமுங்கிய நார்மெத்தை. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஐயா. வீடு..."

அந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தான். மாடியில் வரிசையாகச் சாத்திய ஜன்னல்கள். வாசற்படி விரிசலில் எப்போதோ முளைத்த எருக்கு. புறாக்கள்கூட இல்லை. வெளிச்சமும் ஆள்முகமும் வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவருகிற ஒரு வயதான மனிதரை, இந்தப் பூட்டுக்கு முன்னால், எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போவதா? எதிரிக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்களே.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் கதவை மெதுவாக, விரல் நசுங்கிவிடாமல் மூடுவதுபோல மூடினான்.

"சரி. இன்னும் ரெண்டு நாளு இருங்க. இவ்வளவு நாளு இருந்தீங்க."

பின்னால் இரண்டு தரம் செருமல். அதில் ஒரு சந்தோஷம் இருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவரங்குளத்தில் மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். முன் சீட்டைத் துடைத்து, தலையணை வைத்திருந்தான். "நீ முன்னாடியே உக்காரு. பின்னாடி மெத்தை சரியில்லை," என்று மூன்று தரம் சொன்னான்.

"ஒரு தரம் சொன்னாக் கேக்காதா எனக்கு?" என்றாள் அழகி. ஆனால் முகம் கடுகடுப்பாக இல்லை. வண்டியைச் சுற்றிவந்து திரையைத் தொட்டுப் பார்த்தாள். பாப்பா அவள் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டுத் தகரப் பெட்டியும் பாயும் பானைகளும் டிக்கிக்குள் அடங்க மாட்டேன் என்றன. குனிந்து முக்கி முனகி அவற்றைத் திணித்துக்கொண்டிருக்கும்போது பாப்பாவின் அழுகை நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டிக்கு முன்னால் போய் ஹேண்டிலைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பி, ஓடி வந்து ஏறினான். அழகி முன் சீட்டில், மடியில் வெள்ளைத் துணி சுற்றிய மூட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முந்திரிக்காட்டுக்கு நடுவே ரோடு செம்மண்ணாக நனைந்து கிடந்தது. தூறல். இரண்டு பக்கமும் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் இருட்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. விளக்கைப் போட்டான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அழகி. "நான் என்னமோ நெனச்சேன். ஒழுகலை. காத்து வருது. தை வரைக்கும் இருந்துக்கலாம்."

அய்யாக்கண்ணுவின் காது பின்னாலேயே இருந்தது. செருமல் இல்லை. தைல வாசனை இல்லை. நேற்று தான் சிந்திய கண்ணீரைப் பார்த்து அந்த மனிதர் மனமிறங்கி, தாமாகவே எங்கோ இறங்கிப் போயிருக்கலாம். பெரிய மனிதர். நாசூக்குத் தெரிந்தவர். அவன் பத்து நாளில் முதல்முறையாகத் தோளைத் தளர்த்தினான்.

"பாப்பா தூங்கிருச்சா?"

"அப்பவே அடங்கிருச்சு."

தட், தட், தட் என்று மெல்லிய சத்தம். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிற உள்ளங்கைச் சத்தம். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. அந்தத் தாளத்துக்கு ஏற்ப அவன் வண்டியையும் மெதுவாக ஓட்டினான்.

ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. அழகியின் கொண்டை அவிழ்ந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கி, பின்னந்தலைக்குக் கொண்டுபோய், கூந்தலைச் சுருட்டி முடிந்தாள்.

தட். தட். தட்.

அவன் அவள் கைகளைப் பார்த்தான். இரண்டும் தலைக்கு மேலே இருந்தன. அவள் மடியைப் பார்த்தான். வெள்ளை மூட்டை சரிந்து, முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே மடித்த புடவைகள். பாப்பாவின் சட்டைகள். புடவைகள்.

தட். தட்.

பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. இன்ஜினை அணைத்தான். தூறல் தகரத்தில் விழுந்தது. முந்திரி இலை சொட்டியது.

சத்தம் நிற்கவில்லை.

திரும்பக் கூடாது. திரும்பாமல் இருக்க முடியாது. கழுத்து தானாகத் திரும்பியது.

பின் சீட்டு. வலப் பக்கம். ஜன்னலோரம். மெத்தைக்கு ஒரு சாண் மேலே, எதன் மேலும் படாமல், பாப்பா. பூப்போட்ட குல்லாய். சின்னத் தலை எதன்மீதோ சாய்ந்திருந்தது. நின்றுபோன வண்டிக்குள் பாப்பா மட்டும் இப்படியும் அப்படியும், இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"அழகி." குரல் அவனுடையதாக இல்லை. "அங்க... பின்னாடி... யாரு இருக்கா?"

அழகி திரும்பிப் பார்த்தாள். இன்னாசியைப் போல வானத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்க கூட வந்த பெரியவருதான். நீங்க பொட்டியத் தூக்கையில கையை நீட்டுனாரு, புள்ளையக் குடுத்தேன். மடியில போட்டதும் கப்புனு அடங்கிருச்சு. தூங்குதுன்னு நெனச்சேன்." அவள் குரல் மெல்ல இறங்கியது. "தூங்கலைங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அவரு முகத்தையே பாக்குது. அவரும் இமைக்கலை. பாப்பாவும் இமைக்கலை."